மனப்பாடக் கண்ணீர்

போன வருஷம் ஏப்ரலில் மகனுடைய பள்ளிக் கூடைப்பந்து அணிக்கு வருட முடிவு விருந்து நடந்தது. இங்கே அதை பேங்க்வெட் என்பார்கள். பெயரைக் கேட்டு ஏதோ பெரிதாகக் கற்பனை செய்துகொண்டு சட்டையை இஸ்திரி போட்டுப் போனேன். பள்ளி கேன்டீனில் மடக்கு மேஜைகளைப் போட்டு, மேலே பிளாஸ்டிக் தாள் விரித்து, காய்ந்துபோன கோழி நெஞ்சுக்கறியும் வேகவைத்த பீன்ஸும் வைத்திருந்தார்கள். மகன் அந்த சீசன் முழுக்க ஆடியதைக் கூட்டினால் இருபது நிமிடம் தேறாது, ஆனாலும் அவனுக்கும் ஒரு சான்றிதழ் உண்டு என்பதால் குடும்பத்தோடு ஆஜர். சான்றிதழெல்லாம் கொடுத்து முடித்த பிறகு கடைசியாகச் சிறப்புப் பேச்சாளர் எழுந்தார். பக்கத்து மாவட்டத்தில் பல வருஷம் கோச்சாக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பது நிமிடம் பேசினார். முதல் அரைமணி நேரம் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அப்புறம் குரலைத் தாழ்த்தி, வருஷம் முழுக்க பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த ஒரு பையனைப் பற்றியும், கடைசி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் அவனை உள்ளே அனுப்பியதைப் பற்றியும் சொல்ல ஆரம்பித்தார். என் பையனும் பெஞ்ச்காரன்தானே. தொண்டை அடைத்துவிட்டது.

அப்போதுதான் பக்கத்து நாற்காலிக்காரரைக் கவனித்தேன். மூன்று பிள்ளைகளை இதே பள்ளியில் படிக்கவைத்தவர், இந்த மாதிரி விருந்துகளில் பழம் தின்று கொட்டை போட்டவர். பேச்சாளர் சொல்லச் சொல்ல இவர் சத்தமில்லாமல் வாயசைத்துக்கொண்டிருந்தார், ஒரு சொல் முன்னே பின்னே இல்லை. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு என் பக்கம் சாய்ந்து, "இப்போது கண்ணாடியைக் கழற்றுவார் பாருங்கள்" என்றார். மேடையில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் துடைத்து, ஒரு கணம் கூரையைப் பார்த்தார். அந்தக் கணத்தில் எனக்குள் எழுந்தது கோபம்தான் என்று இப்போது தோன்றுகிறது, அன்றைக்கு அதை ஏமாற்றம் என்று நினைத்துக்கொண்டேன். என்னிடமிருந்து ஏதோ ஒன்றைப் பறித்துக்கொண்டு போய்விட்டது போல இருந்தது. யார் பறித்தது என்பதுதான் தெளிவாகவில்லை, மேடையில் இருந்தவரா, பக்கத்தில் இருந்தவரா. திரும்பி வரும்போது காரில் பேசவே இல்லை. மகன் அதைத் தன்னுடைய இருபது நிமிடத்தைப் பற்றிய வருத்தம் என்று நினைத்துக்கொண்டு எனக்கு ஆறுதல் சொன்னான், அது வேறு.

இந்த எரிச்சல் எனக்குப் புதிதும் இல்லை. நான் இருப்பது நார்த் கரோலைனாவில், ராலியை ஒட்டிய கேரி என்ற ஊரில். இங்கே வந்து குடியேறுகிற நம்மவர்களுக்கு முதல் வருஷத்திலேயே யாராவது ஒரு உள்ளூர்க்காரர், இங்கே நார்த் கரோலைனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து கோச்சாக இருந்த ஜிம் வால்வானோவைப் பற்றிச் சொல்லிவிடுவார். அலுவலகத்தில் எனக்கு வாய்த்தவர் சொன்னதோடு நிற்காமல் அந்த வீடியோவையும் அனுப்பினார். 1993 மார்ச் 4, மாடிசன் ஸ்கொயர் கார்டன், விளையாட்டுத் துறைக்கான எஸ்பி விருதுகளின் முதலாவது விழா. உடம்பெல்லாம் புற்றுநோய் பரவிய மனிதர் துண்டுச் சீட்டுகூட இல்லாமல் பத்து நிமிடத்துக்கு மேல் பேசுகிறார். ஒவ்வொரு நாளும் சிரியுங்கள், யோசியுங்கள், கண்ணீர் வருமளவுக்கு எதையாவது உணருங்கள், இந்த மூன்றையும் செய்தால் அது முழுமையான நாள் என்கிறார். பார்த்துவிட்டு அலுவலகக் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அந்தப் பேச்சுக்கு அடுத்த எட்டாவது வாரம், 1993 ஏப்ரல் 28 அன்று, அவர் இறந்துபோனார். வயது 47. அந்தப் பேச்சு இறப்பின் விளிம்பில் நின்றுகொண்டு அந்த நேரத்தில் நெஞ்சிலிருந்து வந்தது என்று பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள், அவருடைய பழைய விருந்துப் பேச்சுகளின் பதிவுகளைத் தேடிப் பார்த்தபோதுதான், அந்தப் பத்து நிமிடத்தில் கணிசமான பகுதி அவர் ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்த சரக்கு என்று தெரிந்தது.

ரப்பர் கோழி சுற்றுவட்டம்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து சீசன் நவம்பரில் தொடங்கி ஏப்ரல் முதல் வாரத்தில் முடிந்துவிடும். அதற்கப்புறம் கோச்சுக்கு வேலை இல்லை என்று நாம் நினைப்போம். உண்மையில் அப்போதுதான் வாய்க்கு வேலை ஆரம்பம். உயர்நிலைப் பள்ளி விருந்துகள், பழைய மாணவர் சங்கங்கள், நன்கொடையாளர் கூட்டங்கள், கார் விற்பவர்கள் மாநாடு, இன்சூரன்ஸ் ஏஜென்ட்டுகள் மாநாடு. எங்கே போனாலும் அதே காய்ந்த கோழி என்பதால் இந்த ஊர் ஊரான பயணத்துக்கே ரப்பர் கோழி சுற்றுவட்டம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எண்பதுகளில் கோச்சுகளின் சம்பளம் இன்றைக்கு இருப்பது போல வானத்தைத் தொடவில்லை. பல்கலைக்கழகம் கொடுப்பது ஒரு பகுதிதான், மிச்சத்தை ஷூ கம்பெனி ஒப்பந்தம், கோடைப் பயிற்சி முகாம், உள்ளூர் டிவி நிகழ்ச்சி, அப்புறம் இந்தப் பேச்சுகள் என்று சேர்த்துத் தேற்றிக்கொள்ள வேண்டும். பணத்துக்காக மட்டும் என்றும் சொல்லிவிட முடியாது. கோச்சுக்குப் பேச்சுதான் தொழிலே. பதினேழு வயதுப் பையன் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து அவன் அம்மாவைச் சம்மதிக்கவைக்க வேண்டும். இடைவேளையில் தோற்றுக்கொண்டிருக்கும் பன்னிரண்டு பேரைச் சில நிமிடத்தில் எழுப்ப வேண்டும். இப்படி வருஷம் முழுக்கத் தீட்டிய கத்தியைக் கோடையில் உறையில் போட்டு வைப்பானேன்?

வால்வானோ இதில் ராஜா. நியூயார்க் குவீன்ஸில் பிறந்த இத்தாலிய வம்சாவளிக்காரர், அப்பா ராக்கோவும் பள்ளி கோச். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து ஆடினார், படித்தது ஆங்கில இலக்கியம். இந்த இலக்கியப் படிப்பு முக்கியம் என்று எனக்குப் படுகிறது, ஏனென்றால் அவருடைய நகைச்சுவைத் துணுக்குகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டுமானம் இருக்கும். 1975 முதல் 1980 வரை அயோனா என்ற சின்னக் கல்லூரியில் கோச்சாக இருந்தார். அந்தக் காலத்தைப் பற்றி அவர் சொல்லும் கதை: எங்கே போனாலும் ஆர்வமாகக் கை நீட்டி, 'ஜிம் வால்வானோ, அயோனா காலேஜ்' என்று வேகமாகச் சொல்வாராம். ஒருவர் இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இந்த வயதிலேயே ஒரு காலேஜுக்குச் சொந்தக்காரரா என்று கேட்டாராம். ஆங்கிலத்தில் 'ஐ ஓன் எ காலேஜ்' என்று காதில் விழுந்திருக்கிறது. நம் ஊர்ப் பட்டிமன்றத்தில் இப்படி ஒரு சிலேடை விழுந்தால் விசில் பறக்கும். நடந்ததா என்று யாரும் கேட்கமாட்டார்கள், கேட்கவும் கூடாது.

இன்னொன்று நாய்க் கதை. நார்த் கரோலைனா ஸ்டேட்டுக்கு வந்த புதிதில் அணி தோற்றபோது ஒரு ரசிகரிடமிருந்து கடிதம் வருகிறது, இனிமேல் தோற்றால் உன் நாயைச் சுட்டுவிடுவேன் என்று. என்னிடம் நாயே இல்லையே என்று இவர் பதில் எழுதுகிறார். சில நாளில் அந்த ஆளே ஒரு நாயை அனுப்பிவைத்து, கூடவே ஒரு சீட்டு: ரொம்பப் பாசம் வைத்துவிடாதே. இதை வால்வானோ பெயரில்தான் எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் வேறு கோச்சுகள் தங்களுக்கு நடந்ததாகச் சொல்லியும் கேட்டிருக்கிறேன். விருந்து மேடைத் துணுக்குக்குப் பட்டா கிடையாது.

அப்புறம் 1983 வந்தது. அவருடைய அணி அந்த வருஷம் பத்து ஆட்டம் தோற்ற அணி. தேசியப் போட்டிக்குள் நுழைந்ததே தங்கள் வட்டாரக் கல்லூரிகளின் லீக் கோப்பையை வென்றதால்தான். முதல் சுற்றில் பெப்பர்டைனிடம் இரண்டு முறை கூடுதல் நேரம் போய்ப் பிழைத்தார்கள், அடுத்த ஆட்டத்தில் ஒரே புள்ளியில் பிழைத்தார்கள், வர்ஜீனியாவிடமும் ஒரே புள்ளி. ஏப்ரல் 4 அன்று ஆல்பகர்க்கியில் இறுதி ஆட்டம். எதிரே, பின்னாளில் பெரிய நட்சத்திரங்களான ஒலாஜுவானும் டிரெக்ஸ்லரும் ஆடிய ஹூஸ்டன். 52–52. நேரம் முடியும் தறுவாயில் வால்வானோ அணியின் டெரிக் விட்டன்பர்க் எங்கிருந்தோ எறிந்த பந்து வளையம்வரைக்கும்கூடப் போகவில்லை. கீழே நின்ற லொரென்ஸோ சார்ல்ஸ் அதை அப்படியே அந்தரத்தில் பிடித்து உள்ளே திணித்தார். 54–52. (அது எறிந்தது இல்லை, பாஸ் கொடுத்தது என்று விட்டன்பர்க் இன்றுவரை சாதிக்கிறார், அவர் பங்குக்கு அவரிடமும் ஒரு மேடைக் கதை.) அந்த நொடியில் வால்வானோ மைதானத்துக்குள் ஓடி, கட்டிப்பிடிக்க ஆள் தேடி அங்கும் இங்கும் திரும்பிய காட்சியை அமெரிக்காவில் பார்க்காதவர்கள் குறைவு.

அந்தச் சில விநாடி ஓட்டம் விருந்து மேடையில் பல நிமிடக் கதையானது. வழக்கமாகக் கட்டிப்பிடிப்பது விட்டன்பர்க்கைத்தான், பார்த்தால் அவன் வேறொருவனைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். இந்தப் பக்கம் ஓடினால் எல்லோருக்கும் ஜோடி இருக்கிறது, அந்தப் பக்கம் ஓடினால் அங்கேயும் இருக்கிறது. கடைசியில் கிடைத்தவர் வயதான விளையாட்டுத் துறை இயக்குநர் வில்லிஸ் கேசி, அவர் இவரைக் கட்டிப்பிடித்து உதட்டிலேயே ஒரு முத்தம் கொடுத்துவிடுகிறார். வாழ்க்கையின் உச்ச கணம், உலகமே பார்த்துக்கொண்டிருக்கிறது, கிடைத்தது இந்த முத்தம். கூட்டம் உருண்டு சிரிக்கும். அழுகையில் முடிந்திருக்க வேண்டிய ஒரு கணத்தை எடுத்து, கோழிக்கறிக்கு அப்புறம் பரிமாறும் பண்டமாக்கிவிட்டார் மனிதர். இது திறமையா, விற்பனையா? எனக்கு இரண்டு பக்கமும் இழுத்தது. அந்த இழுபறிக்குக் காரணம் வால்வானோ மட்டும் இல்லை, எங்கள் வீட்டிலேயே ஒரு ரப்பர் கோழிக்காரர் இருந்தார்.

உண்டியல் கதை

பெரியப்பா கோவில்பட்டிப் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழாசிரியர். முழு ஆண்டுப் பரீட்சை முடிந்ததும் மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். சித்திரை, வைகாசியில் சுற்றுவட்டாரத்தில் எந்த அம்மன் கோயில் கொடையாக இருந்தாலும் பட்டிமன்றம் உண்டு, பட்டிமன்றம் என்றால் பெரியப்பா உண்டு. கணவனா மனைவியா, கூட்டுக் குடும்பமா தனிக் குடும்பமா, எந்தத் தலைப்பு கொடுத்தாலும், எந்த அணியில் உட்காரவைத்தாலும் அவரிடம் இருந்தது அதே பத்துப் பதினைந்து கதைகள்தான். தலைப்புக்கு ஏற்ற மாதிரி வாலை மட்டும் மாற்றிக்கொள்வார். இரவு ஒரு மணிக்குப் பேச்சு முடிந்து, ஒரு பொன்னாடை, ஒரு கவர், தர்மகர்த்தா வீட்டில் ஆறிப்போன இட்லி, விடிய விடிய பஸ்.

அவருடைய முத்திரைக் கதை உண்டியல் கதை. மாதக் கடைசி, பேசப் போக பஸ் காசு இல்லை, இவர் திண்ணையில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார், ஏழு வயது மகள் தன் மண் உண்டியலை உடைத்துப் பதினோரு ரூபாயைக் கொண்டுவந்து கொடுத்து, 'போய்ப் பேசுங்கப்பா, ஊரெல்லாம் கேட்கட்டும்' என்கிறாள். சொல்லி முடிக்கும்போது பெரியப்பாவின் குரல் உடையும், முன்வரிசைப் பெண்கள் முந்தானையை எடுப்பார்கள். ஒரு கொடையில் நானும் அக்காவும் பாயில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம். அவருக்கு ஒரே மகள், அக்காதான். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் பெருமையாக அவள் தோளைத் தட்டினேன். அவள் என் காதில் சொன்னாள்: "எனக்கு உண்டியலே கிடையாதுடா. அது வேற ஏதோ பொண்ணு."

எனக்கு அப்போது பன்னிரண்டு வயசு இருக்கும். அந்த 'வேற ஏதோ பொண்ணு' அதற்கப்புறம் என்னை விடவே இல்லை. மே மாதம் முழுக்க அப்பா வீட்டில் இல்லாத ஒரு மகள் இங்கே இருக்கிறாள், ஊர் ஊராக அப்பாவோடு பயணம் செய்யும் இன்னொரு மகள் கதைக்குள் இருக்கிறாள், கைதட்டல் அவளுக்கு. மேடையில் கண் கலங்குகிற யாரைப் பார்த்தாலும், அவர் வீட்டில் இருப்பவர் முகம் எப்படி இருக்கும் என்று யோசிக்கிற கெட்ட பழக்கம் எனக்கு அங்கேதான் ஒட்டிக்கொண்டது.

வால்வானோ விஷயத்தில் இந்தச் சந்தேகத்துக்குத் தீனியும் கிடைத்தது. கோப்பை வென்ற பிறகு அழைப்புகள் குவிந்தன. பேச்சு, ரேடியோ, டிவி, விளம்பரம், இவற்றையெல்லாம் கவனிக்கத் தன் பெயரின் முதலெழுத்துகளில் ஒரு கம்பெனி. 1986இல் கோச் வேலையோடு பல்கலைக்கழக விளையாட்டுத் துறை இயக்குநர் பதவியையும் ஏற்றுக்கொண்டார். ஒரு மனிதனுக்கு இத்தனை நாற்காலி தாங்குமா? 1989இல் அணியைப் பற்றிய குற்றச்சாட்டுகள் புத்தகமாகவே வந்தன, விசாரணைகள் வந்தன. ஆட்டக்காரர்கள் தங்களுக்குக் கிடைத்த இலவச டிக்கெட்டுகளையும் ஷூக்களையும் விற்றது வெளியே வந்து, அணி நன்னடத்தைக் கண்காணிப்பில் வைக்கப்பட்டது, 1990 தேசியப் போட்டியில் ஆடத் தடை. மாணவர்களின் படிப்பு லட்சணம் பற்றி ஊர் பேசியது. இயக்குநர் பதவி முதலில் போனது, 1990 ஏப்ரலில் கோச் பதவியும் போனது. அவர் நேரடியாக என்ன செய்தார், என்ன செய்யவில்லை என்ற சண்டை இங்கே ராலி முடிதிருத்தும் கடைகளில் இன்னும் ஓயவில்லை. நான் அதற்குள் போகவில்லை. எனக்குப் பட்டது சின்ன விஷயம்தான். சிரத்தையைப் பற்றி ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தவர், வீட்டில் அடுப்பில் பால் பொங்கியதைப் பார்க்கவில்லை. அதைப் பேசத்தான் போயிருந்தார் என்பது கூடுதல் கொடுமை. கடைசி மாதங்களில் அவரே இதையெல்லாம் நினைத்து வருந்தியிருக்கிறார், எத்தனையோ பின்னால் ஓடியதில் குடும்பத்தோடு இருக்க வேண்டிய நாட்கள் போய்விட்டன என்று.

ஆக, என் தீர்ப்பு அநேகமாக எழுதியாகிவிட்டது. மேடைக் கண்ணீர் வேஷம், அதற்கு விலை கொடுப்பது வீடு. கேன்டீன் விருந்தில் பக்கத்து நாற்காலிக்காரர் வாயசைத்தபோது எரிந்தது இந்தப் பழைய நெருப்புதான்.

தண்ணீர் கேட்கத் தெரியாதவர்

தீர்ப்பைத் திருத்தியது அக்கா. கேன்டீன் விருந்தைப் பற்றி அவளிடம் போனில் சொல்லி, உன் அப்பா மாதிரியே ஒரு ஆள், கண்ணாடியைக் கழற்றுவதுகூட ஒத்திகைதான் என்று கொஞ்சம் கேலியாகவே சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

பெரியப்பாவுக்குக் கடைசி இரண்டு வருஷம் பக்கவாதம். வலது கை, வலது கால், கூடவே பேச்சும் போய்விட்டது என்றுதான் எங்களுக்குச் சொன்னார்கள். நான் அமெரிக்காவிலிருந்து ஒருமுறை போய்ப் பார்த்தேன், என்னைப் பார்த்து வாய் கோணி ஏதோ முயற்சி செய்தார், சொல் வரவில்லை, கண்ணில் நீர் வந்தது, ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்துவிட்டேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அக்கா அன்றைக்குச் சொன்னது எனக்குப் புதிது. "தண்ணி வேணும்னு கேக்கத் தெரியாது. என் பேர் வராது. ஆனா சாயங்காலம் நாலு மணி ஆச்சுன்னா, சாஞ்சு உக்காந்துக்கிட்டு, 'நடுவர் அவர்களே'ன்னு ஆரம்பிப்பாருடா. முழுசா வரும். தெளிவா வரும். உண்டியல் கதை வரைக்கும் ஒரு எழுத்து சிதறாது. முடிஞ்சதும் பழையபடி ஒண்ணும் வராது."

இதை மருத்துவர்கள் அறிந்ததுதான். பேச்சுக்கான மூளைப் பகுதி அடிபட்டவர்களுக்குப் புதிதாக ஒரு வாக்கியம் கட்ட முடியாமல் போனாலும் பாட்டு, பிரார்த்தனை, ஒன்று இரண்டு மூன்று, ஆயிரம் தடவை சொல்லித் தேய்ந்த வரிகள் தங்கிவிடுவது உண்டு. எனக்குத் திகைப்பாக இருந்தது அந்த அறிவியல் இல்லை, அக்கா தினமும் நாலு மணிக்கு உட்கார்ந்து அதைக் கேட்டிருக்கிறாள் என்பது. எந்தக் கதை அவளுடைய இடத்தில் வேறொரு பெண்ணை உட்காரவைத்ததோ அந்தக் கதைதான் அவருக்குக் கடைசியாக மிச்சமிருந்த குரல். "ஒருநாள் முடிச்சதும், 'அந்தப் பதினோரு ரூபாயைத் திருப்பிக் குடுங்கப்பா'ன்னு கேட்டேன். சிரிச்சாருடா. அத்தனை மாசத்துல அன்னைக்குத்தான் வாய்விட்டுச் சிரிச்சார்."

போனை வைத்துவிட்டு, அந்த எஸ்பி வீடியோவை மறுபடி போட்டேன். இந்தத் தடவை எந்தெந்த இடம் பழைய சரக்கு என்று தெரிந்தே பார்த்தேன். வால்வானோவால் அன்றைக்கு நடக்கவே முடியவில்லை. டியூக் பல்கலைக்கழகத்தின் அன்றைய கோச் மைக் ஷஷெவ்ஸ்கிதான் தைரியம் சொல்லி அழைத்து வந்தவர். மேடையேற்ற ஒருவர், இறக்க ஒருவர் தேவைப்பட்டது. முதல் சில நிமிடம் நேரம் எவ்வளவு அருமையானது என்று மெதுவாகப் பேசுகிறார், குரல் தேடித் தேடி வருகிறது. அப்புறம் அந்தக் கதைக்கு வருகிறார், விருந்து மேடைகளின் பழைய லொம்பார்டி கதை. இருபத்தோரு வயதில் ரட்கர்ஸ் முதலாண்டு மாணவர் அணிக்கு கோச்சாகிறார். அமெரிக்கக் கால்பந்து கோச் வின்ஸ் லொம்பார்டி தன் அணியிடம் பேசியதைப் படித்துவிட்டு, அதையே அப்படியே செய்துகாட்ட வேண்டும் என்று முடிவு செய்கிறார். லொம்பார்டி கதவைத் தள்ளித் திறந்து நுழைந்தாராம். இவர் கதவில் மோதுகிறார், கதவு திறக்கவில்லை, கை முறியாத குறை. ஒருவழியாக உள்ளே போய், உணர்ச்சி பொங்க, இந்த வருஷம் நாம் ஜெயிக்க மூன்றே மூன்று விஷயங்களில் கவனம் வைத்தால் போதும் என்கிறார்: உங்கள் குடும்பம், உங்கள் மதம், கிரீன் பே பேக்கர்ஸ். பேக்கர்ஸ் லொம்பார்டியின் அணி, மனப்பாடம் செய்தவர் அந்தப் பெயரை மாற்ற மறந்துவிட்டார்.

கதையை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கதவுக்கு வரும்போது அவர் தோள் நிமிர்கிறது. கை வீசுகிறார். குரல் ஏறுகிறது. கூட்டம் சிரிப்பதற்காகச் சரியான இடத்தில் அரை விநாடி நிற்கிறார், அது எத்தனையோ கேன்டீன்களில், எத்தனையோ காய்ந்த கோழிகளுக்கு அப்புறம் கண்டுபிடித்த அரை விநாடி. அந்த ஒன்றிரண்டு நிமிடம் அவர் நோயாளியே இல்லை. உடம்பு மறந்துவிட்டதைக் கதை ஞாபகம் வைத்திருக்கிறது. நான் இத்தனை நாள் கள்ளத்தனம் என்று நினைத்த பகுதிதான் அவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. அதைத் தாண்டி வந்த பிறகுதான் அவருக்கு மூச்சு கிடைத்து, அன்றைக்கு மட்டுமே சொல்ல முடிந்த விஷயங்களைச் சொல்கிறார். எதிரே இருந்த திரை இன்னும் முப்பது விநாடிதான் என்று மின்னுகிறது. உடம்பெல்லாம் கட்டியோடு நிற்கிறேன், முப்பது விநாடியைப் பற்றி நான் கவலைப்படுவேனா என்று அந்தத் திரையைப் பார்த்தே கிண்டல் செய்து, இத்தாலிய மொழியில் ஒரு வசவும் வைக்கிறார். அது எந்த விருந்திலும் சொன்னதில்லை. தன் பெயரில் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு ஒரு அறக்கட்டளை தொடங்குகிறோம், அது என்னைக் காப்பாற்றாமல் போகலாம், என் பிள்ளைகளைக் காப்பாற்றலாம் என்கிறார். அதுவும்.

அந்த அறக்கட்டளையின் அலுவலகம் இதே கேரியில்தான் இருக்கிறது. இதுவரை முப்பது கோடி டாலருக்கு மேல் ஆராய்ச்சிக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவருடைய மகள்களில் ஒருவருக்கு இருபத்தாறு வயதில் மார்பகப் புற்றுநோய் வந்து, பிழைத்தும் விட்டார். அப்பா மேடையில் சொன்ன அந்த ஒரு வரியை அவர் எப்படிக் கேட்டுக்கொள்வார் என்று யோசித்துப் பார்க்கிறேன், யோசனை ஓடவில்லை.

இதற்காக அவர் வீட்டில் இல்லாத நாட்களும், பொங்கி வழிந்த பாலும் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. பெரியப்பா தவறவிட்ட மே மாதங்களும் அப்படியேதான் இருக்கின்றன. ஆனால் திரும்பத் திரும்பச் சொன்னதால் ஒன்று பொய்யாகிவிடும் என்று நான் எங்கிருந்து கற்றுக்கொண்டேன்? நாம் தினமும் சொல்கிற தேவாரத்தை யாரும் அப்படிச் சொல்வதில்லையே. கேன்டீன் பேச்சாளர் கண்ணாடியைக் கழற்றியபோது அந்த பெஞ்ச்காரப் பையன் அவர் மனதில் இருந்தானா, இல்லை கை தன் பழக்கத்துக்குப் போனதா என்று இப்போது யாராவது கேட்டால், இரண்டும் ஒன்றாகவே நடக்கலாம் என்பேன்.

வீடியோவை அக்காவுக்கு அனுப்பினேன். ஆங்கிலம் வேகமாகப் போனால் அவளுக்குப் பிடிபடாது என்பதால் கதவுக் கதையை மட்டும் தமிழில் குரல் பதிவாகச் சொல்லி அனுப்பினேன். எனக்கு அந்த அரை விநாடி சரியாக வரவில்லை. மறுநாள் அவளே கூப்பிட்டாள்.

"அவருக்கு எத்தனை பொண்ணு?"

"மூணு பேர்."

"மூணு பேருக்கும் அந்தக் கதவுக் கதை மனப்பாடமா இருந்திருக்கும்" என்றாள். அப்புறம், மல்லிப்பூ கிலோ என்ன விலை விற்கிறது தெரியுமா என்று ஆரம்பித்துவிட்டாள்.